தொட்டி அத்தி: போன குளிரில் ஒன்று போச்சு, மிச்சம் இரண்டையாவது காப்பாற்ற வேண்டும்

தொட்டித்தோட்டம் · அக்டோபர் 19

எல்லாருக்கும் வணக்கம். நான்கு வருடம் வளர்த்த சீமை அத்தி ஒன்று போன குளிரில் செத்துப்போனது. எங்கே தப்பு செய்தேன் என்று இன்னும் சரியாகப் புரியவில்லை. அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

40 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி, ஆளுயர மரம். இலை எல்லாம் கொட்டியதும் கிளைகளைச் சேர்த்துக் கட்டினேன், பழைய போர்வையைச் சுற்றினேன், அதன்மேல் பிளாஸ்டிக் தாளையும் சுற்றிக் கயிறு போட்டேன். குழந்தைக்குத் துணி சுற்றுவதுபோல அவ்வளவு பக்குவமாகச் செய்தேன். தொட்டியை மட்டும் சிமெண்ட் தரையிலேயே விட்டுவிட்டேன். மரத்துக்குத்தானே குளிரும், மண்ணுக்கு என்ன என்ற நினைப்பு. நடுக்குளிரில் மூன்று இரவு தொடர்ந்து மைனஸ் 11, 12 வரை போனது.

குளிர் முடிந்து பிரித்துப் பார்த்தேன். கிளையை நகத்தால் சுரண்டினால் பச்சை. மொட்டு விரிந்து அணில் காது அளவுக்கு இலையும் வந்தது. வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். பத்து நாள்தான், இலை தொங்கிவிட்டது. தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் ஊற்றினேன். கடைசியில் தண்டைப் பிடித்து இழுத்தால் முள்ளங்கி மாதிரி கையோடு வந்துவிட்டது. வேரின் தோல் உறைபோல உருவிக்கொண்டு வந்தது, உள்ளே பழுப்பாக ஒரு நூல் மட்டும் மிச்சம்.

இப்போது இரண்டு மரம் இருக்கிறது. ஒன்று 30 லிட்டர் தொட்டியில், மூன்று வயது. இன்னொன்று போத்து (வெட்டிய கிளைக்குச்சி) வைத்து வந்த கன்று, 10 லிட்டர் தொட்டி. காரை நிறுத்தும் ஷெட் ஒன்று உண்டு, ஹீட்டர் கிடையாது. வெளியே சுற்றி வைப்பதா, ஷெட்டா, வீட்டுக்குள்ளேயா?

---

வேர்முதல் · அக்டோபர் 19

தலைக்குக் குல்லா போட்டுவிட்டு, காலைப் பனியில் விட்டிருக்கிறீர்கள் தம்பி. உங்கள் கதையிலேயே பதில் இருக்கிறது.

அத்தியில் கிளை ஒரு ஜாதி, வேர் ஒரு ஜாதி. நன்றாக உறங்கிவிட்ட, முதிர்ந்த கிளை மைனஸ் 7, 8 வரைக்கும் பெரிய சேதமில்லாமல் தாங்கும். வேர் அப்படி இல்லை. தரையில் நட்ட மரத்துக்கு இது பிரச்சினையே அல்ல, ஏனென்றால் ஒரு முழம் ஆழத்தில் மண் அவ்வளவு சீக்கிரம் குளிராது. மேலே காற்று மைனஸ் 12 என்றாலும் கீழே பூஜ்யத்தை ஒட்டித்தான் நிற்கும். தொட்டிக்கு அந்த வசதி இல்லை. நாலு பக்கமும் காற்று, அடியில் சிமெண்ட். மூன்று இரவு போனால் தொட்டிமண்ணும் காற்றும் ஒரே குளிருக்கு வந்துவிடும். மண்கட்டியே மைனஸ் 4, 5-க்கு இறங்கினால் வேருக்குச் சேதம் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நுனியில் இருக்கும் இளவேர் அதற்கும் முன்னாலேயே போய்விடும்.

இலை வந்ததே என்று கேட்பீர்கள். தண்டுக்குள் மாவுச்சத்தும் கொஞ்சம் நீரும் சேமிப்பில் இருக்கும். அந்த இருப்பை வைத்து ஒரு தடவை தளிர் விடும். வெட்டிப் போட்ட கிளையும் அப்படித்தான் துளிர்க்கும். வேர் தண்ணீர் அனுப்பாததால் பத்து நாளில் கடை சாத்தப்பட்டது. நீங்கள் மேற்கொண்டு ஊற்றிய தண்ணீர் அழுகலைத்தான் வேகப்படுத்தியிருக்கும்.

ஆகவே இந்த வருடம் முதலில் தொட்டியைப் பாருங்கள். கிளையை அப்புறம் பார்க்கலாம்.

---

இருட்டறை · அக்டோபர் 20

ஷெட் இருக்கிறதா? அப்படியானால் யோசிக்கவே வேண்டாம். நான் ஏழு வருடமாக அப்படித்தான் வைக்கிறேன். ஜன்னல்கூட இல்லாத அறை. இலை இல்லாத மரத்துக்கு வெளிச்சம் எதற்கு?

மண்ணின் வெப்பம் 0-க்கும் 7-க்கும் நடுவில் இருந்தால் மரம் நிம்மதியாகத் தூங்கும். 0-க்குக் கீழே ஒன்றிரண்டு டிகிரி இறங்கினால் பதற வேண்டாம். 10-ஐத் தாண்டி வாரக்கணக்கில் போனால்தான் வம்பு, தூக்கம் கலைந்துவிடும்.

ஷெட்டின் உள்சுவர், அதாவது வீட்டோடு ஒட்டிய சுவர் ஓரம் வையுங்கள். கதவோரம் வேண்டாம். தரையில் நேரடியாக வைக்காமல் இரண்டு மரச்சட்டம், அதன்மேல் தெர்மாகோல் பலகை, அதன்மேல் தொட்டி. குறைந்தபட்ச வெப்பநிலையைப் பதிவு செய்து வைக்கும் வெப்பமானி ஒன்று வாங்கி, அதன் உணரியை மண்ணுக்குள் ஒரு விரல் ஆழத்தில், தொட்டியின் விளிம்போரமாகச் செருகுங்கள். நடுவில் அல்ல. விளிம்புதான் முதலில் குளிரும், வேர் பெரும்பாலும் அங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கும்.

---

குட்டிச்செடி · அக்டோபர் 20

புதிதாகச் சேர்ந்தவள், மன்னிக்கவும். இவ்வளவு கஷ்டம் எதற்கு? வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்துவிட்டால் ஆயிற்றே? என்னிடம் முழங்கால் உயரத்தில் ஒரே ஒரு செடிதான்.

---

இருட்டறை · அக்டோபர் 20

எல்லாரும் முதல் வருடம் செய்வதுதான் அம்மா, நானும் செய்தேன். வீடு 20 டிகிரி. மூன்று வாரத்தில் செடி விழித்துக்கொண்டு, குளிர்காலத்து ஜன்னல் வெளிச்சத்தைத் தேடி வெளிறிய தளிரை நீட்டியது. ஒவ்வொரு கணுவுக்கும் இடையில் விரல் நீளம், தொட்டால் ஒடியும். அதற்குள் இலைக்காம்பு இடுக்கெல்லாம் மாவுப்பூச்சி. வீட்டுக்குள் அதைத் தின்ன எந்தப் பூச்சியும் இல்லை, மழையும் அடித்துப் போகாது. ஒவ்வொன்றாகப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். வெளியே கொண்டுபோன முதல் நாளே அந்தத் தளிர் முழுக்க வெயிலில் வெந்துவிட்டது.

---

வேர்முதல் · அக்டோபர் 20

சின்னச் செடி என்றால் வீட்டிலேயே மிகக் குளிர்ச்சியான இடம் எது என்று பாருங்கள். மாடிப்படியின் அடி, மூடிய வராந்தா, சாமான் அறை. ஹீட்டர் எட்டாத இடமாக இருக்க வேண்டும். வேறு வழியே இல்லாமல் சூடான அறையில்தான் வைக்க வேண்டுமென்றால், தூங்கவிடாமல் முழு வெளிச்சம் கொடுத்து, செடி வளர்ப்பதற்கான விளக்கின் கீழேயே வையுங்கள். ஒரு வயதுக் கன்றுக்கு அது கெடுதல் இல்லை. பாதித் தூக்கமும் பாதி விழிப்புமாக வைப்பதுதான் கெடுதல்.

---

ஐந்தாம்மாடி · அக்டோபர் 21

ஷெட் இல்லாதவர்களுக்கும் ஏதாவது சொல்லுங்கள் சாமி. என்னிடம் பால்கனி மட்டும்தான். நான்கு குளிர் பார்த்துவிட்டேன், ஒரு மரமும் சாகவில்லை. எங்களிடம் மைனஸ் 8-க்குக் கீழே ஓரிரண்டு இரவுக்கு மேல் போவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தொட்டியைவிட ஒரு சாண் பெரிய பெட்டி, அல்லது பெரிய தொட்டி. அடியில் தெர்மாகோல் இரண்டு அடுக்கு. உள்ளே அத்தித் தொட்டி. சுற்றியுள்ள இடைவெளியில் காய்ந்த இலையை அமுக்கித் திணித்துவிடுவேன். மண்ணின் மேற்பரப்பிலும் ஒரு சாண் இலை. அதன்மேல் மழை படாமல் ஒரு பலகை. இலை நனைந்துவிட்டால் கதை முடிந்தது, காற்று அடைபட்டிருப்பதால்தான் அது கதகதப்பு. நனைந்த இலை வெறும் ஈரத்துணிதான்.

கிளைக்குச் சாக்கு மட்டும். சணல் சாக்கு. காற்று புகுந்து கிளையை உலர்த்தாமல் இருக்கவும் வெயில் நேரே படாமல் இருக்கவும்தான் அது. பிளாஸ்டிக் தாள் சுற்றவே சுற்றாதீர்கள். வெயில் அடிக்கும் மதியம் உள்ளே ஆவி பிடிக்கிற மாதிரி சூடாகும், சாயந்திரம் அந்த ஈரம் அப்படியே பட்டையில் உறையும். பகலில் எழுப்பி இரவில் அடிப்பது.

எல்லாத் தொட்டிகளையும் வீட்டுச் சுவரோரம் நெருக்கமாகக் கூட்டி வைப்பேன். பேருந்தில் நெரிசலாக நிற்பவர்களுக்குக் குளிராது பாருங்கள், அந்தக் கணக்கு.

---

வேர்முதல் · அக்டோபர் 21

நல்ல ஏற்பாடு. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். இலையும் தெர்மாகோலும் சூட்டை உண்டாக்காது, இருக்கிற சூடு வெளியேறுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஒரு இரவு, இரண்டு இரவுக் குளிருக்கு அது போதும். மைனஸ் 10 ஒரு வாரம் முழுக்க நின்றால் எத்தனை அடுக்கு சுற்றினாலும் ஏழாம் நாள் உள்ளேயும் அதே குளிர்தான். உங்கள் இடத்தில் குளிர் வந்து போகிறதா, வந்து உட்கார்ந்துகொள்கிறதா என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டும்.

மண்தரை இருப்பவர்கள் தொட்டியை விளிம்புவரை குழி தோண்டிப் புதைத்துவிடலாம். எனக்குத் தெரிந்து அதைவிட மலிவான வழி கிடையாது. மேலே இலை மூடாக்கு. அதன்மேல் பனி விழுந்து கிடந்தால் தள்ளாதீர்கள், பனிக்குவியலே நல்ல போர்வை.

---

ஐந்தாம்மாடி · அக்டோபர் 21

ஐந்தாவது மாடியில் குழி தோண்டினால் கீழ்வீட்டுக்காரர் கூரையில் அத்தி முளைக்கும் 🙂

எங்கள் இடத்தில் குளிர் வந்து போகிற ரகம்தான். இருந்தாலும் ஒரு வெப்பக்கம்பி வைத்திருக்கிறேன், தானே அணைந்து எரிகிற ரகம். தொட்டியின் வெளிப்பக்கம் நாலு சுற்று. மண் 2 டிகிரிக்கு வந்தால் எரியும், 5-க்கு வந்தால் அணையும். போன குளிரில் மொத்தமே சில இரவுகள்தான் எரிந்தது. சிலர் சீரியல் பல்பு சுற்றுகிறார்கள். பழைய இழைப் பல்பு என்றால் சூடு வரும், இப்போது வருகிற எல்இடி பல்பில் அழகுதான் வரும், சூடு வராது. இழைப் பல்பைச் சாக்கிலோ காய்ந்த இலையிலோ படும்படி வைத்துத் தூங்கப் போகாதீர்கள், தீப்பிடிக்கும்.

---

தொட்டித்தோட்டம் · அக்டோபர் 22

எல்லாருக்கும் நன்றி. சரி, ஷெட்டுதான். எப்போது உள்ளே கொண்டுபோவது? இன்னும் இலை பச்சையாகவே நிற்கிறது. சின்னதில் நான்கு காயும் இருக்கிறது.

---

இருட்டறை · அக்டோபர் 22

அவசரமே வேண்டாம். முதல் ஒன்றிரண்டு லேசான உறைபனியை மரம் வெளியேயே வாங்கட்டும். இலை கருகி, இரண்டு மூன்று நாளில் தானே உதிரும். அந்த லேசான குளிர்தான் மரத்துக்குப் படுக்கை விரிக்கிறது. பச்சை இலையோடு இருட்டில் தள்ளினால் இலை அழுகிக் கிளையிலேயே ஒட்டிக்கொண்டு பூசணம் பிடிக்கும். ஆனால் மைனஸ் 4 என்று வானிலையில் சொன்னால் இலை இருந்தாலும் தூக்கிவிடுங்கள், கையால் உருவிக்கொள்ளலாம்.

காயைப் பறித்துவிடுங்கள். கட்டைவிரல் அளவுக்கு வந்த காய் இனிமேல் பழுக்காது, கிளையில் நின்றால் அழுகி அந்தக் கணுவையும் கெடுக்கும். கிளை நுனியில் மிளகு அளவில் உருண்டையாக இருப்பதைத் தொடாதீர்கள். அடுத்த வருடம் முதலில் பழுப்பவை அவைதான்.

---

மண்புழு · அக்டோபர் 22

பறிக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அத்திப்பால் கையில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால் கொப்புளம் வரும். எனக்கு முன்கையில் கவாத்துக்கத்தி போட்ட கோடு மாதிரி மூன்று வாரம் கறுப்பாகத் தழும்பு இருந்தது.

இன்னொன்று. கோடையின் பிற்பாதியிலிருந்தே தழைச்சத்து உரத்தை நிறுத்திவிட வேண்டும். கடைசி வரை உரம் போட்டு வளர்த்த பச்சைக்கிளை முதிராது. முதிராத கிளைக்கு மைனஸ் 2, 3 போதும், நுனியிலிருந்து சாண் கணக்கில் கருகி இறங்கும். பச்சையாக இருக்கும் நுனியா, பழுப்பேறி மரமான கிளையா என்று இப்போதே பார்த்து வையுங்கள்.

---

குட்டிச்செடி · அக்டோபர் 23

இன்னொரு சந்தேகம். என்னிடம் இருப்பது நாட்டத்தியா சீமை அத்தியா என்றே எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே வைத்தியம்தானா?

---

நடுமரம் · அக்டோபர் 23

இலையைப் பாருங்கள். கை விரித்த மாதிரி மூன்று, ஐந்து மடலாகப் பிளந்து, தடவினால் சொரசொரவென்று இருந்தால் சீமை அத்தி. பிளவே இல்லாமல் முட்டை வடிவில் வழவழப்பாக இருந்தால் நாட்டத்தி. வளர்ந்த மரத்தில் அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாகக் காய்க்குமே, அது. நாட்டத்தி வெப்பமண்டலத்து மரம், உறைபனிக்கு நிற்காது. அதை ஷெட்டில் தள்ளிவிடாதீர்கள். வீட்டுக்குள் வெளிச்சமான இடம்தான் அதற்கு. இந்த இழையில் பேசுவதெல்லாம் சீமை அத்திக்கு மட்டும்.

---

மண்புழு · அக்டோபர் 23

அடடே, நடுமரம் அண்ணா! அத்தி பூத்தாற்போல இந்தப் பக்கம்!

---

நடுமரம் · அக்டோபர் 23

அத்தி பூக்காமல் எங்கே இருக்கிறது? காய்க்குள்ளேயே பூப்பதால் உங்களுக்குத் தெரிவதில்லை. நானும் தினம் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

---

குட்டிச்செடி · அக்டோபர் 24

மடல் ஐந்து, சொரசொரப்பு உண்டு. சீமை அத்திதான்! நன்றி அண்ணா. படிக்கட்டுக்கு அடியில் 9 டிகிரி காட்டுகிறது, அங்கே வைக்கப்போகிறேன்.

---

தொட்டித்தோட்டம் · நவம்பர் 16

இரண்டையும் ஷெட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன். இரண்டு உறைபனி வாங்கிய பிறகு இலை எல்லாம் வெந்த கீரை மாதிரி தொங்கி விழுந்தது. 30 லிட்டர் தொட்டியைத் தூக்க முயன்றதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. தண்ணீர் ஊற்றிய மறுநாள் தூக்கியிருக்கக் கூடாது.

தண்ணீர் விஷயம் கேட்க வேண்டும். ஒரு இடத்தில் மண்ணை எலும்பாகக் காயவிட வேண்டும் என்று படித்தேன், இன்னொரு இடத்தில் ஈரம் வேண்டும் என்று. எது சரி?

---

இருட்டறை · நவம்பர் 16

காயவிடுங்கள். உறங்கும் மரம் குடிக்காது. ஈரமண்ணில் வேரழுகல்தான் மிச்சம். நான் மாதம் ஒரு டம்ளர் ஊற்றினால் அதிகம்.

---

வேர்முதல் · நவம்பர் 16

இதில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டம்ளர் கணக்கு உங்கள் ஜன்னலில்லாத அறைக்குச் சரி, அங்கே காற்றில் ஈரம் இருக்கும். நான் குளிரில் இழந்த மரம் ஒன்றுதான், தாகத்தில் இழந்தது இரண்டு. இலை இல்லாவிட்டாலும் பட்டை வழியாக நீர் போய்க்கொண்டேதான் இருக்கும். நுண்வேர் ஒருதடவை காய்ந்து நொறுங்கினால் மறுபடி உயிர்க்காது.

அதோடு எலும்பாகக் காய்ந்த மண் சீக்கிரம் குளிரும். தண்ணீருக்குத்தான் சூட்டைப் பிடித்துவைக்கும் சக்தி அதிகம். லேசான ஈரமுள்ள மண் மெதுவாகத்தான் இறங்கும். சொதசொதவென்று இருப்பதும் ஆபத்து. உறையும்போது தண்ணீர் ஏறத்தாழ 9 சதவீதம் விரியும், சுட்டமண் தொட்டி என்றால் ஒரே இரவில் வாய் பிளக்கும்.

விரலை இரண்டு கணு வரை விடுங்கள். பிழிந்து உதறிய துணி போல இருந்தால் சும்மா விடுங்கள். தூசியாக இருந்தால் ஒரு சொம்பு ஊற்றுங்கள். தொட்டியைச் சாய்த்துப் பார்த்து எடையை வைத்தும் கண்டுபிடிக்கலாம், பழகிவிட்டால் விரலே வேண்டாம்.

---

இருட்டறை · நவம்பர் 17

ஏழு வருடம் ஒரு டம்ளரில் ஓடுகிறது, மாற்றப் போவதில்லை. தம்பி, உங்கள் ஷெட்டில் காற்று அடிக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

---

தொட்டித்தோட்டம் · ஜனவரி 8

நேற்றிரவு வெளியே மைனஸ் 13. ஷெட்டுக்குள் காற்று மைனஸ் 4. பெரிய தொட்டியின் மண் 1 டிகிரி. ஆனால் சின்னத் தொட்டியின் மண் மைனஸ் 2! இரவு பன்னிரண்டு மணிக்குப் போய்ப் பழைய போர்வை இரண்டைச் சுற்றிவிட்டு வந்தேன். இன்றும் நாளையும் இதே குளிர் என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

---

வேர்முதல் · ஜனவரி 8

சின்னது எப்போதும் முந்திக்கொண்டு குளிரும், மண் குறைவு. அதை இந்த மூன்று நாளைக்கு வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். மூன்று நாளில் விழித்துக்கொள்ளாது. குளிர் தணிந்ததும் திரும்ப ஷெட்டு.

---

நடுமரம் · ஜனவரி 8

பெரியதற்கு ஒரு பழைய தந்திரம். மூடி இல்லாத வாளிகளில் தண்ணீர் பிடித்துத் தொட்டியைச் சுற்றி வையுங்கள், விளிம்பு வரை நிரப்பாமல். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு போர்வைக் கூடாரம் போடுங்கள். தண்ணீர் உறையும்போது ஒவ்வொரு கிலோவும் 334 கிலோஜூல் வெப்பத்தை வெளியே விடும். 20 லிட்டர் முழுதும் உறைந்தால் மின்சாரக் கணக்கில் 1.8 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. திறந்த ஷெட்டுக்கு அது யானைப்பசிக்குச் சோளப்பொரிதான், ஆனால் போர்வைக்குள் இருக்கும் சின்ன இடத்துக்கு ஒரு இரவைக் கடத்திவிடும். வாளியில் மேலே ஐஸ் கட்டுகிறதா, அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். காலையில் அந்த வாளியை எடுத்துவிட்டு வேறு தண்ணீர் வையுங்கள்.

---

மண்புழு · ஜனவரி 9

போர்வை போட்டீர்களா, எலி வரும். ஒருதடவை என் மரத்தின் தூரில் பட்டையைச் சுற்றிலும் வளையமாகக் கொறித்துவிட்டது. முழு வளையம் போனால் மேல்மரம் அவ்வளவுதான். சின்னக் கண்ணிக் கம்பிவலையை ஒரு முழ உயரத்துக்குத் தூரைச் சுற்றி வைத்துவிடுங்கள்.

---

தொட்டித்தோட்டம் · ஜனவரி 12

நான்கு வாளி வைத்தேன். முதல் இரவு மூன்றில் விரல் கனத்துக்கு ஐஸ். கூடாரத்துக்குள் மைனஸ் 1-க்குக் கீழே இறங்கவில்லை, மண் 1-லேயே நின்றது. சின்னது மூன்று நாள் வீட்டில் விருந்தாளி, நேற்றுத் திரும்பிவிட்டது. மண்புழு சொன்ன கம்பிவலையையும் சுற்றிவிட்டேன். காலையில் வலைக்கு வெளியே புழுக்கை கிடந்தது, ஆகவே நல்ல வேளை.

---

குட்டிச்செடி · பிப்ரவரி 20

என் செடியில் மொட்டு பச்சையாக வீங்குகிறது! வெளியே இன்னும் உறைபனி விழுகிறது. படிக்கட்டுக்கு அடியில் இப்போது 13 டிகிரி காட்டுகிறது. அழுகையாக வருகிறது.

---

ஐந்தாம்மாடி · பிப்ரவரி 20

அழாதீர்கள். மொட்டு வீங்குவதற்கும் விரிவதற்கும் நடுவில் இன்னும் நாள் இருக்கிறது. பகலில் வெளியே 0-க்கு மேலே இருந்தால் நிழலான மூலையில் வெளியே வையுங்கள், இரவில் உள்ளே. குளிர்ச்சி மொட்டை மெதுவாக்கும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். தூங்கும்போது மைனஸ் 7 தாங்கிய அதே கிளை, மொட்டு விரிந்தபிறகு மைனஸ் 1-க்கே கருகும். இனிமேல் ஒரு உறைபனியும் படவே கூடாது.

அப்புறம், பாதுகாப்புக்கு ஒரு குச்சி வெட்டி வையுங்கள். பென்சில் கனம், ஒரு சாண் நீளம், நாலு கணுவாவது இருக்க வேண்டும். ஈரக்காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டு குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் வாரக்கணக்கில் கிடக்கும். மரமே போனாலும் அதே மரம் உங்களிடம் இருக்கும்.

---

தொட்டித்தோட்டம் · மார்ச் 30

பெரியதில் நுனி நாலு விரல் அளவு கருகியிருக்கிறது. சுரண்டினால் பழுப்பு. அதற்குக் கீழே பச்சை. போன வருடமும் பச்சைதான் இருந்தது, அதனால் நம்பிக்கை வரவில்லை. வேரை எப்படிப் பார்ப்பது?

---

வேர்முதல் · மார்ச் 30

சூடு கண்ட பூனை! தொட்டியைச் சாய்த்து மண்கட்டியை ஒரு பக்கமாகக் கொஞ்சம் வெளியே இழுங்கள். விளிம்பு வேர் ஒன்றை இரண்டு விரலால் பிடித்து உருவுங்கள். தோல் கழன்று வந்தால் செத்தது. கெட்டியாக, உள்ளே வெள்ளையாக இருந்தால் உயிரோடு இருக்கிறது. விளிம்பில் கொஞ்சம் போயிருந்தாலும் நடுக்கட்டி நன்றாக இருந்தால் மரம் பிழைக்கும். அப்படியானால் செத்த வேரை வெட்டி, புது மண் போட்டு, மேலே கிளையையும் அதற்குத் தக்கபடி குறையுங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருதடவை வேர்க் கவாத்து எப்படியும் செய்ய வேண்டியதுதான், மொட்டு விரிவதற்கு முன் இதுதான் நேரம்.

மேலே எல்லாம் கருகினாலும் தூரிலிருந்து துளிர்த்தால் கவலைப்படாதீர்கள். போத்து வைத்து வந்த அத்தி ஒட்டுச்செடி அல்ல, அடியிலிருந்து வருவதும் அதே ரகம்தான். முதல் காய்ப்பு போகும், புதுக்கிளையில் வரும் இரண்டாம் காய்ப்பு வரலாம்.

---

தொட்டித்தோட்டம் · மார்ச் 31

உருவிப் பார்த்தேன். வரவில்லை! வெள்ளை! உருவ உருவ வேர் அறுந்ததே தவிர தோல் கழலவில்லை. சின்னதில் ஒரு பக்கம் மட்டும் நாலைந்து வேர் பழுப்பு, கதவைப் பார்த்திருந்த பக்கம்.

---

இருட்டறை · ஏப்ரல் 2

சந்தோஷம். வெளியே வைக்கும்போது நேராக வெயிலில் வைத்துவிடாதீர்கள். முதல் வாரம் நிழல், இரண்டாம் வாரம் காலை வெயில் மட்டும். இருட்டிலிருந்து வந்த பட்டையும் தளிரும் சட்டென்று வெந்துவிடும். இரவு 2 டிகிரி என்று சொன்னால் உள்ளே. இப்படி ஒரு மாதம் உள்ளே வெளியே என்று காவடி ஆட வேண்டும், சக்கரம் வைத்த பலகை வாங்கிக்கொள்ளுங்கள்.

---

குட்டிச்செடி · ஏப்ரல் 19

என் செடியில் ஏழு இலை. குச்சியையும் நட்டுவிட்டேன், அதிலும் ஒரு மொட்டு பச்சை. இப்போது எனக்கு இரண்டு மரம் 🙂

---

தொட்டித்தோட்டம் · ஏப்ரல் 27

பெரியதில் கருகிய நுனிக்குக் கீழே மூன்று கணுவில் மிளகு அளவில் இருந்தது இப்போது சுண்டைக்காய் அளவு. இலை உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டது, இதுவரை தொங்கவில்லை. சின்னது தாமதம், ஆனால் தூரில் இரண்டு துளிர் தெரிகிறது.

இன்று இரவு 1 டிகிரியாம். சக்கரப் பலகை இன்னும் வரவில்லை. யாராவது கையோடு வந்தால் நல்லது, இடுப்பு இப்போதுதான் சரியானது.